லேட்டா வந்தா ஒரு ரவுண்டு

புதிதாக விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, வாருங்கள். நான் வடசென்னையின் பெண்கள் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டன. வாய் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த சூட்டோடு உங்களுக்கு ஒன்று நடக்கும். கணக்கு டீச்சரோ அறிவியல் சாரோ சிரித்த முகத்தோடு வந்து, "இன்னிக்கு ஒரு நாள் உங்க பீரியட எனக்குக் குடுங்களேன், போர்ஷன் முடியல" என்பார்கள். பாவமே என்று கொடுப்பீர்கள். அப்படிக் கொடுத்த பீரியட் திரும்பி வந்ததாக என் சர்வீசில் நினைவில்லை. பீரியட் போனாலும் நமக்கு வேலை குறையாது. ப்ரேயருக்கு வரிசை கட்ட வைப்பது, நகம் வெட்டினார்களா என்று பார்ப்பது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவது, வந்த விருந்தாளிக்கு இளநீர் வாங்க ஆள் அனுப்புவது, எல்லாம் நம் தலையில்தான் விடியும். லேட்டாக வருகிற பிள்ளைகளைத் தண்டிப்பதும் நம் வேலைதான். மற்ற எல்லாவற்றையும் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். இந்தக் கடைசி வேலையைப் பற்றி மட்டும் ஒரு கதை சொல்கிறேன்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தேன். எதிரே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எந்நேரமும் வரிசைகட்டி நிற்கும். சில காலைகளில் மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ப்ரேயர் பாட வேண்டும். எங்கள் மைதானம் பெரிதில்லை. கடல்மண், காலால் கிளறினால் கிளிஞ்சல் வரும், ஓரத்தில் ஒரு பூவரச மரம். ஆனால் அந்த வட்டாரத்தில் வளர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி நிம்மதியாகக் கால் வீசி ஓடக்கூடிய ஒரே இடம் அதுதான். தெருவில் ஓடினால், "இன்னா பாப்பா, நாய் தொரத்துதா?" என்று கேட்பார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்றால் அலை அரிக்காமல் இருக்கப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். வீட்டிலோ கையை நீட்டினால் சுவர் இடிக்கும்.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தைய வருடம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் சறுக்கிவிட்டது. அதிகாரிகள் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியையை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்களாம். அவர் கண்டிப்பானவர், நேர்மையானவர், அதுவரை யார் முன்னாலும் தலைகுனிந்து நின்று பழக்கமில்லாதவர். அடுத்த வருடம் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததுமே உத்தரவு போட்டுவிட்டார். பத்தாம் வகுப்புக்கு இனி பி.டி. கிடையாது, அந்த நேரமெல்லாம் கணக்குக்கு.

நான் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ரிசல்ட் வரட்டும் டீச்சர், அப்புறம் நீங்க எவ்ளோ வேணா வெளையாட விடுங்க" என்றார்.

"அப்போ அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்த விட்டே போயிருக்கும் மேடம்."

"போகத்தானே வேணும்? பாஸ் பண்ணிட்டுப் போகட்டும்."

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வேடிக்கை ஆரம்பமானது. எங்கள் பள்ளியில் ப்ரேயர் மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவோம். பிறகு வருகிறவர்களை ப்ரேயர் முடிந்த பிறகுதான் உள்ளே விடுவேன். பையை மரத்தடியில் வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். இது எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த வழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பி.டி. நின்ற பிறகு அந்த லேட் வரிசையில் பத்தாவது 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் அதிகமாகத் தென்பட்டார்கள். இன்றைக்கு இருவர், நாளைக்கு வேறு மூவர். ஒருத்தி மட்டும் அடிக்கடி வந்தாள். அவள் பெயர் எஸ்தர்.

எஸ்தர் ஒல்லிப் பெண். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். மைதானத்தில் இறங்கினால் பார்க்க வேண்டும், மண்ணில் கால் படுகிறதா என்று சந்தேகமாக இருக்கும். "ஏண்டீ தெனமும் லேட்டு?" என்று திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு ரவுண்டு சொன்னால் இரண்டு ஓடுவாள். பயத்தில் ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை ஒரு நாள் காலையில் தானே கேட்டில் வந்து நின்றுகொண்டார். அடுத்த நாளும் நின்றார். இரண்டு நாளும் எஸ்தர் லேட்டு. உடனே அவள் அம்மாவுக்கு ஆள் போனது.

அந்த அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். கூடையைக் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அறையில் தலைமையாசிரியை, நான், சுவரோரம் எஸ்தர்.

"உங்க பொண்ணு தெனமும் லேட்டா வருதும்மா. பத்தாவது. பரீட்சை பக்கத்துல வந்தாச்சு. வீட்ல கொஞ்சம் சீக்கிரம் அனுப்பக் கூடாதா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா மேடம் சொல்ற? நான் காசிமேட்லேர்ந்து மீன் எடுத்துகினு வர்றதுக்குள்ளாறவே அது குளிச்சி கெளம்பிப் பூடுது. விம்கோ நகர்லேர்ந்து ஆமை மாரி நடந்தா கூட லேட்டாவாதே!"

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ நடுவுல எங்க போகுது?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே உடனே தோன்றியிருக்கும். அதற்குள் அம்மா எஸ்தர் பக்கம் திரும்பிவிட்டார்.

"எவன்டீ அவன்?"

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் பளார் என்று ஓர் அறை விழுந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீ வுடு டீச்சர்! நான் நாறிப்போயி கூடை தூக்கிகினு கீறேன், இவ காலங்காத்தால எவன் கூடவோ சுத்திகினு கீறா. பட்ச்சது போதும். புழல்ல எங்க அக்கா வூட்ல வுட்டுட்றேன். எவன் கையிலயாவது புட்ச்சிக் குடுத்துட்டு நான் நிம்மதியா கீறேன்." சொல்லிக்கொண்டே அழுதார். வெறும் மிரட்டல் இல்லை அது. அப்படி நடுவில் காணாமல் போன பெண்களை நான் வருடாவருடம் பார்த்தவள். ஒரு வாரம் பெஞ்சில் இடம் காலியாக இருக்கும், பிறகு பக்கத்துப் பெண் நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. லேட்டாக வருகிற பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருக்கும், பை தோளில் நிற்காது. எஸ்தரும் அவள் வகுப்புப் பெண்களும் மூச்சே வாங்காமல் வந்தார்கள். பின்னல் இறுக்கமாக மடித்துக் கட்டியிருக்கும். துப்பட்டா இடுப்பில் முடிச்சுப் போட்டிருக்கும். ஓடத் தயாராகத்தான் வந்தார்கள். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே, பார்க்காமல் நின்றிருக்கிறேன்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எஸ்தரை வராண்டாவுக்கு இழுத்துப் போனேன்.

"எங்கடீ இருந்தே?"

"எதிர்ல லாரி நிக்குதுல்ல மிஸ். அதும் பின்னால."

"யார் கூட? பையனா?"

"ஐயோ, இல்ல மிஸ்! ஏசப்பா மேல சத்தியமா இல்ல." கன்னத்தில் அம்மாவின் விரல் தடம் சிவந்திருந்தது. "பி.டி.ய புடுங்கிட்டாங்க. லேட்டா வந்தா தானே மிஸ் நீ ஓட வுடுவே? ஓடலைன்னா கண்ணு சொக்குது. பட்ச்சது ஒண்ணும் மண்டைல நிக்க மாட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அந்த அம்மா அழுகிற சத்தம் கேட்டதும் அது அடங்கிப்போனது.

"உன்கூட இன்னும் யாரெல்லாம்?"

"மொற வெச்சிகினு வர்றோம். பேரு மட்டும் கேக்காத மிஸ். செத்தாலும் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வேலையில் யோசிக்க நேரம் கிடைக்காது, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் காத்துக்கொண்டிருக்கும். உள்ளே போய் உண்மையைச் சொன்னால் அந்த அம்மா நம்ப மாட்டார். ஓடுவதற்காக யாராவது வேண்டுமென்றே தண்டனை வாங்குவார்களா என்பார். மற்ற பெண்களின் பெயரைச் சொன்னால் நம்பலாம். ஆனால் இவள் அறை வாங்கிக்கொண்டு காப்பாற்றும் பெயர்களை நான் சுலபமாகக் கொட்டிவிட்டால், நாளை முதல் எந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும்? எதுவும் சொல்லாமல் விட்டால் இவள் புழலுக்குப் போய்விடுவாள்.

"எஸ்தர், நாளைக்கு எப்பவும் போல அங்கயே இருங்க. உங்கம்மாவ நான் கூட்டிக்கிட்டு வரேன். நீ ஒர்த்தி மட்டும் அங்க உக்காந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, புரியுதா? யாரையும் வரச் சொல்லி நான் கேக்கல. நீயே பேசிக்க."

உள்ளே போய், "மேடம், பையன் கிய்யன் எல்லாம் ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலைல ப்ரேயர் மணிக்கு முன்னாடி என்கூட வாங்க, காட்டறேன்" என்றேன். அந்த அம்மாவிடம், "ஒரே ஒரு நாள் எனக்காகப் பொறும்மா. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். அவர் என்னை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். பி.டி. டீச்சர் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டாளே என்று தலையாட்டினார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் பயந்துகொண்டு ஒதுங்கிவிட்டால் எஸ்தர் தனியாக உட்கார்ந்திருப்பாள். தனியாக ஒரு பெண், லாரிக்குப் பின்னால். அதைவிட மோசமான சாட்சியை நானே ஏற்பாடு செய்திருக்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

காலையில் பின்பக்கக் கேட் வழியாகப் போனோம். தலைமையாசிரியை முன்னால், எஸ்தரின் அம்மாவை ஒட்டி நான், கூடவே கணக்கு டீச்சர். அவர் திருநெல்வேலிக்காரர். என்ன நடக்கிறது என்று தெரியாமலே, பத்தாவது விஷயம் என்பதால் வந்திருந்தார். பஞ்சர் கடையைத் தாண்டி லாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம்.

மொத்த வகுப்பும் அங்கே இருந்தது.

நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய டயர் மேல் சிலர், சிமென்ட் குழாய் மேல் சிலர். மடியில் புத்தகம். முதல் ரேங்க் வாங்குகிறவள், ஒரு நாளும் லேட்டாக வராதவள், அவளும் இருந்தாள். நடுவில் எஸ்தர் தலைகுனிந்து இருந்தாள். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அதே நேரம் பள்ளியில் ப்ரேயர் மணி அடித்தது. ஒருத்தி கூட நகரவில்லை.

நூர்ஜஹான் என்று ஒரு பெண், பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவள், அவள்தான் பேசினாள். "மேடம், எஸ்தர் தெனமும் எங்க கூட தான் இருந்துச்சு. மொற வெச்சி லேட்டா வர்றோம். பயந்தவங்க மொறையையும் இதுவே எடுத்துக்கும், ஓட்டம்னா இதுக்கு உசுரு. ஒர்த்தி மட்டும் லேட்டா வந்தா தப்பா பேசறீங்க. அதான் இன்னைக்கு எல்லாருமே லேட்டு." பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "ஆண்ட்டி, எஸ்தர அடிக்காதீங்க" என்றாள்.

எஸ்தரின் அம்மா மகளிடம் போனார். நேற்று அறைந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஓடணும்னா எங்கிட்ட சொல்லக் கூடாதாடீ?"

"எங்க ஓடறதும்மா? நம்ம வூட்லயா?"



கணக்கு டீச்சர் தொண்டையைச் செருமினார். "மேடம், நான் ஒண்ணு சொல்லுதேன். நாலஞ்சு வாரமா எனக்கு ஒரு கொழப்பம். மொத பீரியட் எனக்குத்தான். நேத்துக் கொட்டாவி விட்டுக் கெடந்த பிள்ள இன்னைக்குக் கணக்கப் போட்டுட்டு அடுத்ததக் கேக்கும். இன்னைக்கு அப்படி இருந்த பிள்ள நாளைக்குத் தூங்கி விழும். ஏன்னே பிடிபடல. இப்பம்லா தெரியுது, அன்னன்னைக்கு லேட்டா வந்ததுகதான் முழிச்சிட்டு இருந்திருக்கு."

தலைமையாசிரியை பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து, "வண்டி எடுக்கணும் மேடம், கொஞ்சம் நவுருங்க" என்றார். லாரி கிளம்பிப் போனது. மறைப்பு போய்விட, ஒரு வகுப்பு மொத்தமும், நாங்கள் மூன்று டீச்சர்களும், ஒரு மீன்காரம்மாவும் நடுத்தெருவில் நிற்பதைத் திருவொற்றியூரே பார்த்தது.

"பத்தாவது 'ஆ' பிரிவு முழுசும் லேட்டு" என்றார் தலைமையாசிரியை. "தண்டனை குடுக்காம விட்டா மத்த கிளாஸ் என்ன நினைக்கும்? டீச்சர், பரீட்சை வரைக்கும் தினமும் காலைல ப்ரேயருக்கு முன்னாடி இவங்க எல்லாரும் ஓடணும். நீங்கதான் பொறுப்பு. இது பி.டி. பீரியட் இல்ல, தண்டனை. அதனால யாரும் இத உங்ககிட்ட கடன் கேக்க முடியாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து பார்த்தேன், அடக்கிய சிரிப்பில் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. போட்ட உத்தரவைத் திரும்பப் பெற அவரால் முடியாது, அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை மீறாமலே பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டார். அதிகாரம் கையில் இருப்பவர்கள் அதைச் செய்து நான் பார்த்தது குறைவு. அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை போகவில்லை.

அடுத்த நாளிலிருந்து அந்த வகுப்பில் லேட்டு என்ற பேச்சே இல்லை. "மூஞ்ச தொங்கப் போட்டுகினு ஓடுங்கடீ, மேடம் மாடியிலேர்ந்து பாக்கறாங்க" என்று நூர்ஜஹான் சத்தம் போடுவாள். அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் நிற்பார்கள். கடல்காற்றும் கிளிஞ்சல் நொறுங்குகிற சத்தமும் அந்தச் சிரிப்பும் சேர்ந்த காலைகள் அவை. என் சர்வீசில் எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதாக இருந்தால் அவற்றைத்தான் கேட்பேன். இப்போது அந்த மைதானத்தில் பாதியைக் கட்டடம் எடுத்துக்கொண்டது. சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் போகிறது. பூவரசும் இல்லை என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

ரிசல்ட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நன்றாகவே வந்தது. எஸ்தரும் பாஸ். எல்லாம் ஓட்டத்தால்தான் என்று நான் சொன்னால் கணக்கு டீச்சர் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போடுவார், அவர் உழைப்பு அப்படி. ஆனால் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது தப்பு. அதை எனக்குச் சொன்னது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, லாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள்தான்.

முதல் பரீட்சை அன்று நான் சீக்கிரமே போயிருந்தேன். எங்கள் பள்ளியிலேயே பரீட்சை மையம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதே எஸ்தரும் அவள் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அம்மா மீன் எடுக்கப் போகவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தார்.

"டீச்சர், இத்த ஒரு ரவுண்டு வுடு."

"இன்னைக்குப் பரீட்சைம்மா. தண்டனையெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"தண்டனைன்னு யாரு கேட்டா? பட்ச்சி பட்ச்சி கண்ணு சொக்கிகினு கீது. ஓடினா தானே மண்டைல நிக்கும்னு சொல்லுச்சு. ஒரே ஒரு ரவுண்டு டீச்சர்."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் ஹால் டிக்கெட்டையும் பேனாப் பெட்டியையும் அம்மா கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

யாருமில்லாத மைதானத்தில் அவள் தனியாக ஓடினாள். அந்த அம்மா பூவரச மரத்தடியில் நின்று, ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எஸ்தர் வளைவில் திரும்பி எங்கள் பக்கம் வரும்போது அவர் வாய்விட்டே சொன்னார்.

"எம்மா ஜோரா ஓடுது டீச்சர்! நான் பெத்த புள்ள. இம்மா நாளா நான் இத்த பார்த்ததே இல்லயே."

ஒரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்துவதற்காக விசிலை எடுத்து உதட்டில் வைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஊதவில்லை.